ஆளா, சென்சாரா, டைமரா? அலுவலக விளக்கை அணைக்க எது நிலைத்து நிற்கும்

யாரும் இல்லாத அலுவலகத்தில் ராத்திரி முழுக்க எரியும் விளக்குகளுக்கு எங்கள் இடத்தில் மூன்று யோசனைகள் வந்தன. கடைசியாகக் கிளம்புகிறவர் அணைத்துவிட்டுப் போவது ஒன்று. நடமாட்டத்தைப் பார்த்து எரிந்து அணையும் சென்சார் இன்னொன்று. குறித்த நேரத்தில் அணைக்கும் டைமர் மூன்றாவது. டைமரைத்தான் போட்டோம். நான் அதன் கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். நாளைக்குப் பத்து மணி நேரம் வீதம் ஐந்து நாள் வேலை என்றால் ஆள் இருப்பது 50 மணி நேரம், காலியாகக் கிடப்பது 118. வீணாவதில் பெரும்பங்கு இந்த 118-க்குள்தான் இருக்கிறது. ஆனால் நாம் கவலைப்படுவதோ சார்ஜரையும் மானிட்டரையும் பற்றி. இப்போதைய மானிட்டர் தூங்கும்போது அரை வாட் அளவுதான் இழுக்கும். நாற்பது மானிட்டர் 14 மணி நேரம் தூங்கினாலும் கால் யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. அணைக்க மறந்த ஒரே ஒரு ஏசி, கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடி சராசரியாக 600 வாட் எடுத்தால்கூட, அதே இரவில் எட்டு யூனிட்டுக்கு மேல் தின்றுவிடும். நாற்பது மானிட்டர் ஒரு மாதத்தில் எடுப்பது அது. 'சார்ஜரைப் பிடுங்கவும்' என்று சுவரில் ஒட்டிய நோட்டீஸைக் கிழித்துவிடலாம்.

ஆளை நம்புவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செலவு கிடையாது, முதல் இரண்டு வாரம் அருமையாக நடக்கும். பிறகு, தான்தான் கடைசி ஆள் என்பது யாருக்குமே தெரியாது. அந்தக் கோடியில் விளக்கு எரிகிறதே, யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இவர் கிளம்பிவிடுவார். செக்யூரிட்டியிடம் ஒப்படைத்தால் கொஞ்சம் தேவலாம். ஆனால் ஆள் மாறும்போதெல்லாம் மறுபடி பழக்க வேண்டும்.

சென்சார் பார்க்க அழகான தீர்வு. கழிப்பறை, ஸ்டோர் ரூம், மீட்டிங் ரூம் மாதிரி வந்துபோகும் இடங்களில் அதற்கு நிகர் எதுவும் இல்லை, அங்கே நானும் சென்சார்தான் போடுவேன். சிக்கல் ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்யும் கூடத்தில்தான். வழக்கமாகக் கிடைப்பது உடம்புச் சூட்டின் அசைவைப் பிடிக்கும் வகை. அசையாமல் எதையோ படித்துக்கொண்டிருப்பவர் அதன் கண்ணில் படமாட்டார். விளக்கு அணையும், கையை ஆட்டுவார், எரியும். இரண்டு நாள் பொறுப்பார், மூன்றாம் நாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பைபாஸ் பண்ணச் சொல்வார். அணையும் நேரத்தை ஐந்து நிமிடத்திலிருந்து முப்பதுக்கு ஏற்றினால் புகார் நிற்கும், கூடவே மிச்சமும் குறையும். கண்ணாடித் தடுப்பு இன்னொரு தொல்லை. நமக்குத் தெரிவது அதற்குத் தெரியாது, உடம்பின் வெப்பக்கதிர் கண்ணாடியைத் தாண்டாது. அதனால் ஒவ்வொரு கேபினுக்கும் தனியாக ஒன்று வேண்டும்.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு: இரண்டு வருடம் கழித்து இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

முப்பது சென்சார் என்றால் ஃபால்ஸ் சீலிங்கில் முப்பது இடம். அணையும் நேரத்தை மாற்ற ஒவ்வொன்றிலும் நகத்தளவு திருகு, ஒவ்வொன்றுக்கும் ஏணி. மேஜைகளை மாற்றிப் போட்டாலோ உயரமான அலமாரி ஒன்று வந்தாலோ பழைய அமைப்பு செல்லாது. எல்ஈடி விளக்கு போட்ட கணத்தில் இழுக்கும் மின்னோட்டம், அது எரியும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு. மலிவான சென்சாருக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் குட்டி சுவிட்ச், அதாவது ரிலே, நாளடைவில் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் விளக்கு அணையாது. பகலில் விளக்கு எரிவதை யார் பழுது என்று கவனிப்பார்கள்? ராத்திரி பார்க்க ஆள் இல்லை. சென்சார் கெட்டது யாருக்கும் தெரியாமல் பில் மட்டும் ஏறும்.

டைமரிலும் ரிலே ஒட்டும். அதனால்தான் விளக்கை நேரடியாக அதில் கொடுக்காமல் நடுவில் ஒரு கான்டாக்டர், அதாவது பெரிய சுமையைத் தாங்கும் ரிலே, வைக்கிறோம். அதுவே பழுதானாலும் பார்க்க வேண்டியது மின் இணைப்புகள் பிரிந்துபோகும் டிபி பாக்ஸ் என்ற ஒரே இடம், அதுவும் கைக்கெட்டும் உயரத்தில். மொத்தத் தளத்தின் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தால் தெருவிலிருந்தே தெரியும்.

நாங்கள் வைத்த முறையில் டைமர் அணைக்க மட்டும்தான் செய்யும், போடாது. காலையில் முதலில் வருகிறவர் பச்சைப் பட்டனை அழுத்தினால் கான்டாக்டர் பிடித்துக்கொள்ளும், கையை எடுத்தாலும் விடாது. இணைப்பு வெட்டுப்பட்டால் விட்டுவிடும், பிறகு பட்டனை மறுபடி அழுத்தினால்தான் பிடிக்கும். மாலை 7:30, இரவு 9, 11 என்று மூன்று முறை டைமர் ஒரு நிமிடம் இணைப்பை வெட்டும். யாராவது இன்னும் வேலையில் இருந்தால் அந்த நிமிடம் கழிந்ததும் எழுந்துபோய் அழுத்திக்கொள்வார், அடுத்த வெட்டு வரை அவருக்கு விளக்கு உண்டு. ஆள் இல்லையென்றால் அழுத்த ஆள் இல்லை, அவ்வளவுதான். விடுமுறை நாட்களை டைமரில் ஏற்றும் வேலையும் இல்லை, யாரும் வராத நாளில் விளக்கு எரியவே எரியாது. நடு ராத்திரி கரண்ட் போய் வந்தாலும் தானாகப் பற்றிக்கொள்ளாது. பகலில் கரண்ட் போய் வந்தால் யாராவது எழுந்து பட்டனை அழுத்தியாக வேண்டும், அது கொஞ்சம் எரிச்சல்தான். வழி தெரிவதற்கான இரண்டு மூன்று விளக்குகளை இந்த இணைப்புக்கு வெளியே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் பட்டனைத் தேடித் தடவ நேரிடும்.

எத்தனை சதவீதம் மிச்சம் என்று கேட்டால் நேர்மையாகச் சொல்ல முடியாது. அதே சமயத்தில் பழைய ட்யூப்லைட்டுகளையும் மாற்றியதால் பில்லில் இரண்டும் கலந்துவிட்டது. என் அனுபவம் ஒரே ஒரு தளத்தோடு சரி. கட்டடம் முழுவதையும் கணினி வழியே நடத்தும் பெரிய ஏற்பாடுகளுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

ஏசியை மட்டும் இந்தக் கான்டாக்டரில் சேர்க்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசரைப் பட்டென்று வெட்டுவது அதற்கு நல்லதல்ல. அதன் சொந்த டைமரிலோ, ரிமோட் போலவே சிக்னல் அனுப்பும் கருவியிலோ அணைக்கும் நேரத்தை வைப்பதே சரி. வயரில் கை வைக்கும் முன் டிபி பாக்ஸில் இருக்கும் எந்த எம்சிபியில் (ட்ரிப் ஆகும் சுவிட்சில்) என்ன ஓடுகிறது என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துவிடுங்கள். விளக்கு என்று எழுதி ஒட்டியிருக்கும் லைனிலேயே கேமரா ரெக்கார்டரும் ஃபிரிட்ஜும் தொங்கிக்கொண்டிருப்பது சகஜம்.