வஞ்சிரமா, சங்கராவா?

ஞாயிற்றுக்கிழமை சென்னை காசிமேடு மீன் சந்தையில் பாதிப் பேர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

விலை: வஞ்சிரம் எப்போதும் உச்சத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுத் தடைக்காலத்தில், கேட்கவே வேண்டாம். சங்கரா கைக்கு அடக்கம்.

வேலை: வஞ்சிரத்தைத் துண்டு போட்டு வாங்கினால் கழுவினால் போதும். சங்கராவுக்குச் செதில் உரசவேண்டும். அங்கேயே சுத்தம் செய்து வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் சமையலறைச் சுவரெல்லாம் செதில்தான்.

முள்: குழந்தைகளுக்கு வஞ்சிரம் நிம்மதி.

குழம்பு: இதில் சங்கராவை அடிக்க ஆளில்லை. புளி நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு, தலையோடு போடுங்கள். அப்புறம் கரண்டியே வேண்டாம்; சட்டியைத் துணியால் பிடித்து லேசாகச் சுழற்றினால் போதும், மீன் உடையாது. வஞ்சிரத்தைக் குழம்பில் போடுவது, என்னைக் கேட்டால், காசுக்குக் கேடு. கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் சக்கை.

விருந்தாளிக்கு வறுவல் என்றால் வஞ்சிரம் அரை கிலோ. வீட்டுக் குழம்புக்குச் சங்கரா.