பென்ஸ் டபிள்யூ 124: அந்த நல்ல பெயர் எங்கிருந்து வந்தது, இன்று வாங்கலாமா?

பழைய பென்ஸ் என்றதும் "பத்து லட்சம் கிலோமீட்டர் அசராமல் ஓடும்" என்ற பேச்சு கூடவே வந்துவிடும். அதில் உண்மை உண்டு. ஆனால் பானெட்டில் நட்சத்திரம் இருக்கும் எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது. சில ஆண்டுகள், சில என்ஜின்கள், அவற்றின் சில பாகங்கள் சம்பாதித்த பெயர் அது. 1984 இறுதியில் வந்த, கம்பெனி டபிள்யூ 124 என்று குறியிட்ட கார் வரிசையைப் பிரித்துப் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதும், பிறகு ஏன் ஆட்டம் கண்டது என்பதும் ஒரே காரில் தெரியும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1886 ஜனவரி 29 அன்று மன்ஹைமில் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை விண்ணப்பம் கொடுத்தார். அதே ஆண்டில் ஸ்டட்கார்ட்டை ஒட்டிய கான்ஸ்டாட்டில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் நான்கு சக்கர வண்டியில் என்ஜினைப் பொருத்தி ஓட்டினார்கள். 1888 ஆகஸ்டில் கார்லின் மனைவி பெர்தா பென்ஸ், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் போனார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் லிக்ராயின் என்ற பெட்ரோல் போன்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்துக்கொண்டார். வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோய், எது தேய்கிறது எது அடைக்கிறது என்று பார்த்துத் திருத்தும் வழக்கம் இந்தக் கம்பெனியில் அன்றே தொடங்கிவிட்டது. 1926-ல் இரு நிறுவனங்களும் இணைந்து டைம்லர் பென்ஸ் ஆயின. 1936-ல் டீசல் என்ஜினோடு 260 டி வந்தது.

கம்பெனியின் வரலாறு பேசும்போது போர்க்காலத்தைத் தாண்டிப் போவது நியாயமாகாது. 1944-ல் அதன் தொழிற்சாலைகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கட்டாய உழைப்பாளிகள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள். இதைக் கம்பெனியே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

போருக்குப் பிறகு பெயரைத் தூக்கி நிறுத்தியவை இரண்டு. ஒன்று பாதுகாப்பு ஆராய்ச்சி. மோதும்போது முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்கி அதிர்வை வாங்கிக்கொள்ள, ஆட்கள் உட்காரும் கூடு மட்டும் உறுதியாக நிற்க வேண்டும் என்ற பேலா பரேனியின் கருத்து 1951-ல் காப்புரிமைக்குப் போனது. 1959-ல் டபிள்யூ 111 காரில் தயாரிப்புக்கு வந்தது. 1978-ல் போஷ் நிறுவனத்தோடு சேர்ந்து எஸ் கிளாஸில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கொடுத்தார்கள். இன்னொன்று டாக்ஸி. ஜெர்மனியின் தந்தநிற டாக்ஸிகளில் பெரும்பகுதி நெடுங்காலம் பென்ஸ் டீசலாகவே இருந்தது. என்ஜின் குளிரவே நேரமில்லாமல் ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் ஓடும் வண்டியில் எந்தப் பாகம் தேறும், எது தேறாது என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். 1976-ம் ஆண்டுத் தயாரிப்பான 240 டி ஒன்று கிரேக்கத்தில் டாக்ஸியாக 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி, ஸ்டட்கார்ட் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறது. வழியில் அதன் என்ஜின்களை மாற்றியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என்ஜின் கழற்றி மாட்டச் சுலபமாக இருப்பதும் உடல் அதுவரை தாங்குவதும் சேர்ந்ததுதான் அந்த ஆயுள்.

இனி டபிள்யூ 124. வடிவமைப்புத் தலைவர் புரூனோ சாக்கோ. காற்றுத்தடைக் கெழு 0.29 அளவில் இருந்ததால் அதே என்ஜினில் முந்தைய டபிள்யூ 123-ஐ விட எரிபொருள் மிச்சம், நெடுஞ்சாலையில் காற்றின் இரைச்சலும் குறைவு. பின் சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து தனித்தனி இணைப்புகள் பிடித்திருக்கும். 1982-ல் 190 மாடலில் அறிமுகமான அமைப்பு. இணைப்புகளின் ரப்பர் புஷ் எல்லாம் நல்ல நிலையில் உள்ள காரில், வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் பின்பகுதி நிலைகுலையாது. ஒற்றை வைப்பர் மூலைக்கு வரும்போது நீண்டு, நடுவில் சுருங்கிக் கண்ணாடியின் 86 விழுக்காட்டைத் துடைக்கிறது. அதன் கியருக்கு அவ்வப்போது கிரீஸ் வைக்காவிட்டால் இறுகிப்போய் மோட்டாரை எரித்துவிடும்.

முதல் ஆண்டுகளிலேயே இந்தக் கார் குறையற்றதாக இருந்தது என்பது பின்னாளில் கட்டிய கதை. தொடக்கத் தயாரிப்புகளில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போது வண்டி குதிரைபோல முன்னும் பின்னும் உலுக்கும். ஜெர்மன் டாக்ஸி ஓட்டுநர்கள் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கம்பெனி அதைத் திருத்தியது. 1989 செப்டம்பர் மாற்றத்தில் பக்கவாட்டு பிளாஸ்டிக் பலகை வந்தது. 1993-ல் கிரில் பானெட்டோடு சேர்ந்தது. "300 இ" என்பது "இ 300" என மாறி, இ கிளாஸ் என்ற பெயரும் வந்தது. 1986-க்குப் பிறகும் 1992-க்கு முன்பும் வந்தவையே இந்த வரிசையின் ஆகச்சிறந்த கார்கள் என்பது எங்கள் முடிவு. அதற்கான காரணம் என்ஜின் அறைக்குள் இருக்கிறது.

டீசல்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் ஓஎம் 601 (200 டி, 72 குதிரைத்திறன்), ஐந்து சிலிண்டர் ஓஎம் 602 (250 டி, 90), ஆறு சிலிண்டர் ஓஎம் 603 (300 டி, 109). மூன்றும் ஒரே குடும்பம்: வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ஹைட்ராலிக் டாப்பெட், எந்திர முறையிலேயே இயங்கும் இன்லைன் பம்ப். ஓடத் தொடங்கியபின் மின்சாரமே தேவையில்லாத என்ஜின்கள் இவை. நிறுத்துவதும் வாக்வம் மூலம்தான். சாவியைத் திருப்பியும் என்ஜின் உடனே நிற்காமல் இழுத்தால், எங்கோ ஒரு வாக்வம் குழாய் வெடித்திருக்கிறது என்று பொருள். இதில் எங்கள் தேர்வு 250 டி. 200 டி ஏற்றத்தில் ரொம்பவும் திணறும்.

இந்த என்ஜின்களைக் கொல்லும் பாகம் ஒன்று உண்டு. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. என்ஜினின் முன்பக்கத்தில் இருக்கும் வாக்வம் பம்பின் பேரிங்தான் அது. அது உடைந்தால் உருளைகள் டைமிங் செயின் அறைக்குள் விழும், செயின் சிக்கும், வால்வுகள் பிஸ்டனில் மோதும். என்ஜின் அத்தோடு போயிற்று. பம்பைக் கழற்றி ரோலர் பேரிங்கைக் கையால் ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். எப்போது மாற்றினார்கள் என்ற விவரம் கிடைக்காத காரில், ஆட்டம் தெரியாவிட்டாலும், பிந்தைய திருத்தப்பட்ட பம்பை மாட்டிவிடுவது நல்லது.

காலையில் நெடுநேரம் சுற்றி ஸ்டார்ட் ஆகிறது என்றால் உடனே பம்பைக் குறைசொல்ல வேண்டாம். எரிபொருள் வடிகட்டியைச் சுற்றியிருக்கும் கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் குழாய்களின் ஓ ரிங்குகள் இறுகிப்போனால் அவற்றின் வழியே காற்று நுழைந்து, டீசல் இரவில் டேங்குக்குத் திரும்பிவிடும். குழாய்க்குள் குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். அடுத்தது குளோ பிளக், அதாவது ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக். குளிர்ந்த என்ஜினில் சாவியைத் திருப்பியும் டாஷ்போர்டில் சுருள் விளக்கு எரியவில்லை என்றால் ஏதோ ஒரு பிளக் போய்விட்டது.

300 டி டர்போவில் கூடுதல் எச்சரிக்கை தேவை. தொடக்ககால ஹெட்டில் வார்ப்பு எண்ணில் 14 என்றிருந்தால், அது சிலிண்டர்களுக்கிடையே விரிசல் விடும் ரகம். இரவெல்லாம் நின்ற காரில் காலையில் மேல் ரேடியேட்டர் ஹோஸை அழுத்திப் பாருங்கள், தளர்ந்திருக்க வேண்டும். கல்போல இறுகியிருந்தால் சிலிண்டர் வாயு கூலன்டுக்குள் போகிறது. அந்தக் காரை விட்டுவிடலாம். 1993-ல் வந்த 24 வால்வ் ஓஎம் 606 (136 குதிரைத்திறன்) வேகமானது, மிருதுவானது. ஆனால் குளோ பிளக்குகள் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இறுகிப்போய்க் கழற்றும்போது ஹெட்டுக்குள்ளேயே ஒடியும். என்ஜின் சூடாக இருக்கும்போது, அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்த வேண்டும்.

பெட்ரோலில் 300 இ-யின் எம் 103 ஆறு சிலிண்டர் அருமையான என்ஜின். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்தால் வால்வ் ஸ்டெம் சீல் இறுகிவிட்டது. சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி வால்வைப் பிடித்துக்கொண்டால் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம். ஐடில் நடுங்குகிறது, கூடவே ஏபிஎஸ் விளக்கும் எரிகிறது என்றால் பேட்டரிக்குப் பின்னால் இருக்கும் மிகைமின்னழுத்தக் காப்பு ரிலேயைப் பாருங்கள். மேலே ஃபியூஸ் உள்ள சின்னப் பெட்டி அது; உள்ளே சால்டர் விரிசல் விடும். இது தெரியாமல் எரிபொருள் அமைப்பையே பிரித்துப் போட்ட கார்கள் ஏராளம். கார்புரேட்டர் உள்ள தொடக்ககால 200 பக்கம் போகவே வேண்டாம்: மின்னணுக் கட்டுப்பாட்டு பியர்பர்க் கார்புரேட்டரைச் சரியாக அமைக்கத் தெரிந்தவர்கள் மிகச்சிலர்.

பிந்தைய எம் 104 பெட்ரோல் என்ஜின் அதைவிட வலுவானது, ஆனால் ஹெட் கேஸ்கெட்டின் பின் மூலையிலும் முன்பக்க டைமிங் கவர் சேருமிடத்திலும் ஆயில் கசியும். பெரிய சிக்கல் அதைவிடவும் வயரிங்தான். 1992 முதல் 1995 வரையிலான பெட்ரோல் கார்களில் என்ஜின் வயரிங் ஹார்னஸின் (வயர்க்கட்டின்) மேலுறை, வெப்பத்தில் உலர்ந்து பொடிப்பொடியாக உதிரும். வெறும் கம்பிகள் உரசிக்கொண்டால் என்ஜின் தாறுமாறாக ஓடும், மின்னணுப் பெட்டியும் போகும். இன்ஜெக்டர் கனெக்டர் ஒன்றின் ரப்பர் உறையை மெல்ல விலக்கி வயரை லேசாக வளைத்துப் பாருங்கள். உறை உதிர்ந்தால் டேப் சுற்றிச் சமாளிக்க முடியாது. ஹார்னஸ் முழுவதும் மாற வேண்டும். மின்சார த்ராட்டிலின் உள்வயர்களுக்கும் இதே கதி. ஹார்னஸில் ஒட்டியிருக்கும் லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். காரின் வயதைவிட அது இளையது என்றால் ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள்.

பெயர் சரியத் தொடங்கிய இடமும் இந்த வயர்தான் என்பேன். அடுத்து 1995-ல் வந்த டபிள்யூ 210, முன் ஸ்ப்ரிங் இருக்கையிலும் கதவுகளிலும் துருப்பிடித்துப் பேர்போனது. 1997-ல் சுவீடனில் நடந்த மான் தவிர்ப்புச் சோதனையில் (குறுக்கே வருவதைத் தவிர்க்கத் திடீரென வளைத்து ஓட்டும் சோதனை) ஏ கிளாஸ் கவிழ, வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்பி-யை எல்லா ஏ கிளாஸிலும் கொடுக்க வேண்டிவந்தது. 2005-ல் மின்னணு, பிரேக் கோளாறுகளுக்காக 13 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். டீசல் புகை விவகாரத்தில் 2019-ல் ஜெர்மனியில் 87 கோடி யூரோ அபராதம். இவற்றின் நடுவே டபிள்யூ 124 இன்றும் நிமிர்ந்து நிற்பதால்தான் அதன்மேல் இத்தனை மதிப்பு.

இதிலும் துரு உண்டு. தரைக்கு அருகே ஜாக் வைக்கும் துளைகளின் பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். முன் மட்கார்டின் விளிம்பு, பின்கண்ணாடியின் கீழ் ஓரம், முன் ஸ்ப்ரிங் மேல் இருக்கை, பேட்டரித் தட்டு ஆகியவை அடுத்தடுத்து. 1989-க்குப் பிறகான கார்களில் பக்கவாட்டுப் பலகைக்குள் ஒளிந்திருக்கும் துரு வெளியே தெரியும்போது பாதி உலோகம் போயிருக்கும். ஏசி குளிராமல், வாயு தொடர்ந்து குறைகிறது என்றால், டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் கசிவதாக இருக்கலாம். அதற்கு டாஷ்போர்டு முழுவதும் வெளியே வர வேண்டும், கூலி பாகத்தின் விலையைத் தாண்டும்.

ஓடோமீட்டரை நம்பாதீர்கள். அதன் சின்னப் பற்சக்கரம் நழுவி, எண் நின்றுபோவது இந்தக் கார்களில் சாதாரணம். பெடல் ரப்பர், ஸ்டீயரிங் உறை, ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம் இவற்றைப் பாருங்கள். சேஸிஸ் எண்ணில் 124-க்கு அடுத்த மூன்று இலக்கங்கள் மாடலைச் சொல்லும்: 125 என்றால் 250 டி, 130 என்றால் 300 டி, 133 என்றால் 300 டி டர்போ, 030 என்றால் 300 இ. 036 என்றால் போர்ஷேயின் சுஃபன்ஹவுசன் ஆலையில் சேர்த்துக் கட்டப்பட்ட 500 இ: 326 குதிரைத்திறன், மொத்தம் 10,479 கார்கள். பேட்ஜை மட்டும் மாற்றி விற்பவர்களும் இருப்பதால் இந்த எண்ணைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

ஸ்டேஷன் வேகன் வாங்குவதாக இருந்தால், பின் சஸ்பென்ஷனில் தானே உயரத்தைச் சரிசெய்யும் ஹைட்ராலிக் அமைப்பு உண்டு. என்ஜின் ஓடும்போது பின்பக்கத்தை அழுத்தினால் மிருதுவாகத் தாழ வேண்டும். கட்டையாக நின்றால் வாயு உருண்டைகள் இரண்டும் போய்விட்டன. அமைப்புக்கென்று உள்ள ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது.

வாங்கியதும் முதல் வேலை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். அடியிலுள்ள ஆயில் தட்டை (பான்) மட்டும் வடித்தால் பாதிதான் வெளியேறும். டார்க் கன்வர்ட்டருக்கும் தனி வடிகால் போல்ட் இருக்கிறது. கிராங்க் போல்ட்டை என்ஜின் சுற்றும் திசையிலேயே திருப்பி அந்தத் துளைக்கு நேராகக் கொண்டுவந்து வடித்தால் புதிதாக ஏறத்தாழ 6 லிட்டர் பிடிக்கும். ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றி, போல்ட் வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். அளவை என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கியர் 'பி'-யில் இருக்க, ஆயில் நன்றாகச் சூடான பிறகு பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பார்த்து மேல்கோடு வரை ஊற்றினால் சூடானதும் நுரைத்துப் பொங்கும். அடுத்து டிரைவ் ஷாஃப்டின் முன்னும் பின்னும் உள்ள ரப்பர் தட்டுகளில் விரிசல் இருக்கிறதா, நடுப் பேரிங் உறுமுகிறதா என்று பார்த்து, டிஃபரென்ஷியல் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் மூன்றையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றாத காரில் காலிப்பர் இறுகி, ஒரு பக்கம் இழுக்கும்.