மணாலி – லே சைக்கிள் பயணம்: முன்பணம் அனுப்பும் முன் படித்துவிடுங்கள்

மணாலியிலிருந்து லே வரை 10 நாள், சைக்கிள், கூடாரம், சாப்பாடு, மெக்கானிக் எல்லாம் சேர்த்து என்று பணம் வாங்கிக்கொண்டு 11 பேர் கொண்ட எங்கள் குழுவை ஏமாற்றிய ஓர் ஏற்பாட்டாளரைப் பற்றிய பதிவு இது. பெயர் போடவில்லை. ஆள் மாறினாலும் வித்தை இதேதான்.

பெரிய மோசடி சைக்கிளில் இல்லை, ஓர் இரவைத் திருடியதில் இருக்கிறது. திட்டத்தாளில் ஜிஸ்பா, பட்சியோ, சார்ச்சு என்று அடுத்தடுத்து மூன்று முகாம். உயரம் சுமார் 3,200, 3,800, 4,300 மீட்டர். ஜிஸ்பா போனதும், "ரோடு நல்லா இருக்கு, பட்சியோ வேண்டாம், ஒரு நாள் மிச்சம்" என்றார்கள். மிச்சம் அவர்களுக்குத்தான்: ஒரு இரவுக் கூடாரம், சமையல், ஆள்கூலி. 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் உயரம் ஓர் இரவுக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலையேறுவோரின் பாலபாடம். இங்கே ஒரே நாளில் 1,100 ஏறியது. அன்றிரவு நான்கு பேருக்குத் தலைவலி, வாந்தி, தூக்கமே இல்லை.

உயர நோய் முற்றினால் முதல் வைத்தியம் கீழே இறக்குவது. சார்ச்சுவில் அது எளிதல்ல. ஒரு பக்கம் பாராலாச்சா லா (லா என்றால் கணவாய்), சுமார் 4,890 மீட்டர்; மறுபக்கம் லாச்சுங் லா, 5,000-க்கு மேல். எந்தப் பக்கம் இறங்குவதானாலும் முதலில் ஏறியாக வேண்டும். அதனால்தான் பட்சியோ இரவை யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. முகாம்களின் பெயரோடு உயரத்தையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

"ஆக்சிஜன் உண்டு" என்றார்கள். இருந்தது கடையில் விற்கும் தகரக் குப்பி, சில நிமிடத்தில் தீர்ந்துபோகும். தேவை பி வகை சிலிண்டர்: நிரம்ப இருந்தால் 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் 12 மணி நேரம் தாங்கும். ரெகுலேட்டரும் மாஸ்க்கும் கூடவே இருக்கிறதா, முள் எங்கே நிற்கிறது என்பதை மணாலியிலேயே திறந்து பாருங்கள்.

சைக்கிளுக்கு வருவோம். "27 கியர்" என்று சொல்லி 21 கியர் தந்தார்கள். எண்ணிக்கை போகட்டும், முன்னால் இருக்கும் மிகச் சிறிய பல்சக்கரமும் பின்னால் இருக்கும் மிகப் பெரியதும்தான் கணக்கு. தந்தது முன்னால் 28 பல்லுக்குப் பின்னால் 28, பெடல் ஒரு சுற்று என்றால் சக்கரமும் ஒரு சுற்று. சார்ச்சு தாண்டி வரும் காட்டா லூப்ஸ் மலைப்பாதையின் 21 வளைவுகளில் இதை மிதித்து ஏறுவது தண்டனை. 22-க்கு 34 கேளுங்கள்.

செயினை ஸ்டீல் ஸ்கேலால் அளக்கலாம். புதுச் செயினில் கண்ணிகளை இணைக்கும் ஆணிக்கு ஆணி அளந்தால் 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் செயின் மட்டுமல்ல, கேசட்டும் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) போய்விட்டது. எங்கள் மெக்கானிக் தேய்ந்த கேசட்டில் புதுச் செயினை மாட்டினார். ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் அது பல்லைத் தாண்டிக் குதித்தது.

பிரேக்கில் அலட்சியம் வேண்டாம். டங்லங் லாவிலிருந்து உப்ஷி வரை ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். பேடில் உராயும் பகுதி அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஏற்காதீர்கள். ரெசின் பேடு நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கண்ணாடிபோல் வழவழத்துவிடும். மெட்டல் பேடு தாங்கும், ஆனால் பேடு பிடிக்கும் வட்டத்தகடான ரோட்டார் அதற்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். 11 சைக்கிளில் நான்கு விதமான பிரேக். உபரியாகக் கொண்டுவந்த இரண்டு ஜோடி பேடும் எதற்கும் பொருந்தவில்லை. பின் கியரைத் தாங்கும் ஹேங்கரும் அப்படித்தான், மாடலுக்கு மாடல் வேறு.

பேக்கப் வண்டி ஒன்றே ஒன்று. சமையல் பாத்திரத்தோடு அது காலையிலேயே முகாமுக்குப் போய்விடும். கடைசி ஆளுக்குப் பின்னால் வராத வண்டி பேக்கப்பே அல்ல. தார்ச்சாவுக்கு அப்பால் பெரும்பகுதியில் போன் சிக்னலும் கிடையாது. ஜிங்ஜிங்பார் பக்கத்து ஓடைகளில் பனி உருகி மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறும். செயின் அறுந்து பின்தங்கிய இருவர் அந்த நேரத்தில்தான் கடக்க வேண்டியதாயிற்று. இரண்டு வண்டி கேளுங்கள், ஒன்று முன்னே, ஒன்று பின்னே.

ரோதாங் கணவாய் அனுமதிக் கட்டணம் என்று தலைக்குத் தலை வசூலித்தார்கள். அந்த அனுமதி மோட்டார் வண்டிக்கு, ஆளுக்கல்ல. லேயில் பழைய கீறலைக் காட்டி டெபாசிட்டில் பிடித்தம். சைக்கிளை வாங்கும்போதே பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் எண்ணோடு சுற்றிலும் வீடியோ எடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

பணம் போய்விட்டவர்கள் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். வழக்குப் போட மணாலி போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. திட்டத்தாள், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள்.