பாலிபுரோப்பிலீனில் பசை ஒட்ட: கொரோனாவா, சுடரா, பிளாஸ்மா ஜெட்டா?

பாலிபுரோப்பிலீன் டப்பாவின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவாமல் முத்துப்போலத் திரண்டு நிற்கும். பசைக்கும் மைக்கும் அங்கே அதே கதிதான். இந்தப் பிளாஸ்டிக்கின் பரப்பு ஆற்றல், அதாவது திரவத்தைத் தன்மேல் பரவவிடும் திறன், சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30 டைன். அச்சடிக்கக் குறைந்தது 38 வேண்டும் என்பது தொழிலில் வழக்கமான கணக்கு. மேற்பரப்பில் ஆக்சிஜன் சேர்ந்த வேதித் தொகுதிகளை ஏற்றினால் அந்த அளவு கூடும். காற்றில் உயர் மின்னழுத்தத்தைப் பாய்ச்சும் கொரோனா, எரிவாயுச் சுடர், மின்னேற்றம் பெற்ற வாயுவைப் பீய்ச்சும் பிளாஸ்மா ஜெட் ஆகிய மூன்று முறைகளும் செய்வது இதைத்தான்.

உங்களிடம் இருப்பது சுருள் ஃபிலிம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கொரோனாதான். மின்முனைக்கும் உருளைக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி; அதற்குள் ஃபிலிம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடும். ஓசோன் கிளம்பும், அதை உறிஞ்சி வெளியேற்ற ஏற்பாடு வேண்டும். மேடுபள்ளமான பொருள் அந்த இடைவெளிக்குள் நுழையாது.

கார் பம்பர் போன்ற பெரிய பொருளுக்குச் சுடர் நல்லது. அகலமான பரப்பை ஒரே வீச்சில் முடித்துவிடும். எரிவாயு முழுதாக எரியத் தேவையானதைவிடக் காற்று சற்றுக் கூடுதலாக இருக்கும்படி கலவையைப் பிடித்து வைப்பதுதான் இதில் கைப்பக்குவம். மெல்லிய பொருள் என்றால் வளைந்துவிடும்.

பிளாஸ்மா ஜெட்டின் அருமை காரின் முகப்பு விளக்கில் தெரியும். பாலிபுரோப்பிலீன் கூட்டின் விளிம்பில் சில மில்லிமீட்டர் அகலப் பள்ளம் ஒன்று வளைந்து வளைந்து ஓடும். அதில் பசை ஊற்றித்தான் பாலிகார்பனேட் கண்ணாடியைப் பொருத்துகிறார்கள். அந்தப் பள்ளத்துக்குள் கொரோனா எட்டாது. சுடரை அவ்வளவு குறுகலாக அடக்குவது கடினம். ரோபோ கை பிடித்திருக்கும் ஜெட் மூக்கோ ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் பள்ளத்தைத் தொடர்ந்தே போகும். பசை விழும் இடம் மட்டும் மாறும், மற்ற இடம் அப்படியே இருக்கும். பசைக்கு முன் பூசும், கரைப்பான் நாற்றமடிக்கும் பிரைமரும் வேண்டாம். பூசிய பிரைமர் உலரக் காத்திருக்கவும் வேண்டாம்.

ஆனால் இது எல்லாவற்றுக்குமான மருந்து இல்லை. ஒரு மூக்கின் தடம் குறுகலானது. பெரிய பலகையை முடிக்க உழவு சால் மாதிரி திரும்பத் திரும்ப ஓட வேண்டும். ஜெட்டுக்கு ஊட்டும் அழுத்தக் காற்றில் எண்ணெய் கலந்தால் வேலை கெடும். வார்ப்பு அச்சிலிருந்து பொருளில் ஒட்டிவந்த தடிமனான எண்ணெயையும் இது எடுக்காது. முதலில் துடைத்தாக வேண்டும். மின்வில்லால் வாயுவைப் பிளாஸ்மாவாக்கும் வில் வகை ஜெட் சூடானது, ஓரிடத்தில் நின்றால் பிளாஸ்டிக் உருகும். ஆர்கான், ஹீலியம் ஊதும் குளிர் ஜெட்டுகள் மென்மையானவை, ஆனால் வாயுச் செலவு கையைக் கடிக்கும்.

இன்னொன்று, மூன்று முறைகளுக்கும் பொதுவானது. 'இன்னும் ரெண்டு ஓட்டு ஓட்டினால் இன்னும் நல்லா ஒட்டும்' என்ற நினைப்பு ஆபத்து. அளவு மீறினால் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து, உதிரியான ஒரு படலம் மேலே தங்கிவிடும். பரப்பு ஆற்றலை அளக்கப் பூசிப் பார்க்கும் டைன் மை நல்ல எண்ணைக் காட்டும். பசையோ அந்தப் படலத்தோடு சேர்ந்து பெயர்ந்து வரும். அதனால் மையை மட்டும் நம்பாமல், ஒட்டிய துண்டை இழுத்துச் சோதித்துவிட்டே வேகத்தை முடிவு செய்யுங்கள். அப்புறம், பதப்படுத்திய பரப்பு நாளாக நாளாகப் பழைய குணத்துக்குத் திரும்பும். ஜெட் வாங்குகிறீர்கள் என்றால் அதைப் பசை ஊற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள்.