ஏற்காட்டில் கேஸ் பிரிட்ஜ்: ரசமட்டம் இல்லாமல் ஆகாது

நாகலூர்ப் பக்கம் தங்கும் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர், "கேஸில் ஓடும் பிரிட்ஜ் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா?" என்று கேட்டார். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்த மெக்கானிக் பில்லைக் கொடுத்துவிட்டுப் போன வாரமாகப் பார்த்து அவர் கேட்டதால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சத்தமே கிடையாது. விருந்தினர் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறது, ஒருவரும் குறை சொன்னதில்லை. கரண்டிலும் ஓடும், மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் சிலிண்டருக்கு மாற்றிவிடலாம். பாலும் மீனும் கெடாது. லோ வோல்டேஜில் எரிந்துபோக மோட்டாரும் இல்லை.

அடியில் ஒரு சின்ன நீலச் சுடர், அம்மோனியா கரைந்த தண்ணீரைக் காய்ச்சுகிறது. பிரிந்து மேலேறும் அம்மோனியா பின்பக்கக் குழாயில் ஆறித் திரவமாகிறது. ஹைட்ரஜன் நிரம்பிய குழாய்க்குள் அது இறங்கும்போது அங்கே அதன் பங்கு அழுத்தம், அதாவது கலவையில் அம்மோனியா மட்டும் தரும் அழுத்தம், குறைவு. அதனால் திரும்ப ஆவியாகிறது, அதற்கான வெப்பத்தைப் பெட்டிக்குள்ளிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. அப்புறம் தண்ணீர் அந்த ஆவியைக் கரைத்துக்கொண்டு சுடருக்கே திரும்பும். 1922-இல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது. நெருப்பு மூட்டி ஐஸ் கட்டுவதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

ஆனால் பம்ப் இல்லை. திரவத்தை ஏற்றுவது குமிழி, இறக்குவது சரிவு. ஆகவே பெட்டி மட்டமாக நின்றாக வேண்டும். சாய்ந்தால் திரவம் வழியில் தேங்கும், சுடர் காய்ச்சும் கொதிகலம் வறண்டு காயும், துருப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த சோடியம் குரோமேட் படிந்து குழாயை அடைக்கும். விற்றவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை! எங்களுடையது பழைய எஸ்டேட் வீடு. கழுவிய தண்ணீர் ஓடுவதற்குத் தரைக்கு வாட்டம் விட்டிருக்கிறார்கள். பிளைவுட் துண்டு செருகி ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். பெருக்குவதற்கு நகர்த்தினால் மறுபடியும் அதே வேலை. மழைக்காலத்தில் பிளைவுட் ஊறி ஒரு பக்கம் இறங்கும். இந்த முறை அப்படித்தான் போனது. மூடி வெல்டிங் செய்த குழாயைத் திறந்து பார்க்க வழியில்லை, கூலிங் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். புதுப் பெட்டி விலையில் பாதிக்கு மேல் போய்விட்டது.

சரி, நியாயமாகவும் சொல்ல வேண்டும். ஏற்காட்டுக் குளிர் இதற்குத் தோது. சேலத்து மே மாதத்தில் திணறிவிடும். கரண்டில் ஓட்டினால்தான் யூனிட் கூடுதலாக ஏறும்.

ஆனாலும் வேண்டாம். இன்றைக்கு என் பதில் அதுதான். வாங்கியே தீருவேன் என்றால், கொத்தனார் இருக்கும்போதே அந்த மூலையில் வாட்டம் விடாமல் ஒரு சிமெண்ட் மேடை போடச் சொல்லுங்கள், பின்னால் காற்று ஏறுவதற்கு இடம் விட்டு, ஜன்னல் ஓரமாக.