சாகக் கிடந்த வன்தட்டும் குனூ டிடிரெஸ்க்யூவும்: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

கோவில்பட்டியில் இருக்கும் என் அப்பா தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பதினொரு ஆண்டுகளாகச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய், வயதான பெண்கள் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் பதிவு செய்து, வீட்டுக்கு வந்ததும் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒவ்வொரு வரியாகத் தாமே தட்டச்சு செய்து வைத்தார். பாடியவர்களில் பலர் இன்று இல்லை. அத்தனையும் ஒரே மடிக்கணினியில், 500 ஜிபி கொள்ளளவுள்ள ஒரே வன்தட்டில் மட்டும் இருந்தன. சென்ற ஆடி மாதத்தில் ஒரு காலையில் அந்தக் கணினி திறக்கவே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. மறுநாள் பாட்டுக் கோப்புறையைத் திறந்தபோது சுட்டி சுற்றிக்கொண்டே நின்றது. மூன்றாம் நாள், டி டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்தாக வேண்டும் என்று விண்டோஸ் அறிவித்தது.

அப்பா அதை ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றார். அங்கிருந்தவர்கள் வட்டைச் சரிபார்க்கும் விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்கை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டிருக்கிறார்கள். காலையில் டி டிரைவ் திறந்தது, ஆனால் தாலாட்டுக் கோப்புறையைக் காணவில்லை. "ஐயா, ஃபார்மட் போட்டுட்டு ரெக்கவரி சாஃப்ட்வேர்ல எடுத்துப் பாக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னபோதுதான் அப்பாவுக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்து எனக்குத் தொலைபேசினார். அந்த மறுப்புதான் இந்த மதிப்புரையை எழுதும் நிலையில் என்னை வைத்திருக்கிறது.

செக்டிஸ்க் கெட்ட நோக்கமுள்ள கருவி அல்ல. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்னும் பட்டியலில் குழப்பம் இருந்தால் அதை ஒழுங்குபடுத்துவதுதான் அதன் வேலை. அந்த வேலையை அது வட்டின் மீதே எழுதிச் செய்கிறது. வட்டு நல்ல நிலையில் இருந்து பட்டியல் மட்டும் குழம்பியிருந்தால் அதனால் பயன் உண்டு. காந்தத் தகடுகளே படிக்க முடியாத நிலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, படிக்க முடியாத பதிவை இல்லாத பதிவாகக் கருதி நீக்கிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. உயிர் ஊசலாடும் தட்டு இரவு முழுவதும் ஓடியது தனிக் கேடு. பழுதான வட்டை நகலெடுக்கும் நிரலான குனூ டிடிரெஸ்க்யூவின் கையேடு இதைத் தெளிவாகவே எச்சரிக்கிறது: படிப்பதில் பிழை காட்டும் வட்டில் கோப்பு முறைமையைச் சீர்செய்ய முயல வேண்டாம், முயன்றால் இருப்பதும் போகக்கூடும். முதலில் நகல், அதன்பின் எந்தச் சோதனையானாலும் நகலின் மீது. இந்த ஒரு வரிசையை மாற்றாமல் வைத்திருந்ததால்தான் எங்களுக்குக் கோப்புகள் திரும்பின.

சென்னையிலிருந்து போனதும் நான் முதலில் செய்தது, மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றி இரண்டரை அங்குல வன்தட்டை வெளியே எடுத்து, மேசைக் கணினியின் சாட்டா இணைப்பில் நேரடியாகச் செருகியது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி மாற்றி வழியாகவும் இணைக்கலாம். ஆனால் கெட்ட செக்டார் (செக்டார் என்பது வட்டில் தரவு பதியும் மிகச் சிறிய பகுதி) வரும்போது பல மாற்றிகள் அப்படியே உறைந்துபோகின்றன, ஒவ்வொரு முறையும் கழற்றிச் செருக வேண்டியிருக்கிறது. கணினியைப் பென் டிரைவிலிருந்து சிஸ்டம்ரெஸ்க்யூ என்னும் லினக்ஸ் தொகுப்பைக் கொண்டு தொடங்கினேன். நாம் கேட்காமல் அது வட்டைத் திறந்து எதையும் எழுதாது என்பது இந்த வேலைக்கு முக்கியம். வன்தட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளை அதிலிருந்தே பார்த்தேன். 5ஆம் எண் குறிப்பு, மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. 197ஆம் எண் குறிப்பு, படிக்க முடியாமல் தீர்வுக்குக் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கை. இந்த இரண்டாவது எண் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. சத்தம் மட்டும் சீராக இருந்தது. டிக், டிக் என்று அடிக்கவோ உரசவோ இல்லை. அப்படி அடித்திருந்தால் நான் அத்துடன் நிறுத்தியிருப்பேன். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனி டிடிரெஸ்க்யூ. அந்தோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதிப் பராமரித்து வரும் கட்டற்ற மென்பொருள் இது. விலை கிடையாது. இதே போன்ற பெயரில், நடுவே அடிக்கோட்டுடன், குர்ட் கார்லோஃப் எழுதிய வேறொரு நிரலும் உண்டு. இரண்டும் வெவ்வேறு, கட்டளை முறையும் வேறு. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் தொகுப்புகளில் குனூ நிரலை நிறுவ வேண்டுமானால் ஜிடிடிரெஸ்க்யூ என்ற பெயரில் தேட வேண்டும்.

சாதாரண முறையில் கோப்புகளை இழுத்து ஒட்டினால் என்ன ஆகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த நிரலின் அருமை புரியும். கெட்ட செக்டார் ஒன்று வந்ததும் வன்தட்டு அதையே விடாமல் மறுபடி மறுபடி படிக்க முயல்கிறது, இயங்குதளம் காத்திருக்கிறது, கடைசியில் பிழை என்று சொல்லி மொத்த நகலும் நின்றுவிடுகிறது. உயிர் ஊசலாடும் தட்டின் மிச்சமிருக்கும் நேரம் முழுவதும், அதன் மிக மோசமான இடத்தில் முட்டி மோதியே தீர்ந்துபோகிறது. டிடிரெஸ்க்யூ, தீப்பிடித்த வீட்டில் கைக்கு எட்டிய பொருள்களை முதலில் வெளியே எடுப்பவரைப் போல நடந்துகொள்கிறது. பிழை வந்தால் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகிறது. பிழை தொடர்ந்தால் தாண்டும் தூரத்தைக் கூட்டுகிறது. முன்னோக்கி ஒரு முறை, பின்னோக்கி ஒரு முறை என்று நல்ல பகுதிகளை எல்லாம் எடுத்து முடித்த பிறகே விட்டுப்போன இடங்களுக்குத் திரும்புகிறது. அப்போதும் அவற்றின் இரு ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் செதுக்கி, கடைசியில்தான் எஞ்சியதை ஒவ்வொரு செக்டாராகச் சுரண்டி எடுக்கிறது.

இந்த நினைவு முழுவதும் மேப் கோப்பு என்னும் ஒரு சிறிய உரைக் கோப்பில் பதிவாகிறது. அதைத் திறந்து பார்த்தால் வட்டின் வரைபடம் கண்முன் நிற்கும். மீட்ட பகுதிக்குக் கூட்டல் குறி, இன்னும் தொடாததற்குக் கேள்விக்குறி, படிக்கவே முடியாததற்குக் கழித்தல் குறி. மின்சாரம் போனாலும், வட்டு சூடேறியதால் நாமே நிறுத்தினாலும், அதே கட்டளையை மீண்டும் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. எங்களுக்கு இரண்டு முறை மின்தடை வந்தது. மேப் கோப்பு இல்லாமல் இந்த நிரலை ஓட்டுவது அதன் பாதிப் பயனைத் தூக்கி எறிவதற்குச் சமம். அந்தக் கோப்பைச் சாகும் வட்டிலேயே வைத்துவிடக் கூடாது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

முதல் சுற்றில், சுரண்டும் வேலை வேண்டாம் என்ற தெரிவுடன் ஓடவிட்டேன். ஆறு மணி நேரத்தில் 99.1 சதவீதம் புதிய 1 டிபி வட்டில் நகலாகிவிட்டது. மிச்சம் ஏறத்தாழ 4.5 ஜிபி. சதவீதத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட முடியாது, ஏனெனில் கோப்புப் பட்டியல் இருக்கும் இடம் அந்த மிச்சத்தில் சிக்கியிருந்தால் 99 சதவீதமும் பெயரற்ற குவியலாகிவிடும். அடுத்து, மூன்று முறை மறுமுயற்சி என்ற தெரிவுடன் இரண்டு இரவுகள் ஓடியது. ஒரு மேசை மின்விசிறியை வட்டின் மேல் திருப்பி வைத்து, அப்பாவும் நானும் முறை வைத்து விழித்திருந்தோம். திரையில் எஞ்சிய அளவு சில கிலோபைட்டுகளாகக் குறைவதைக் கூட அப்பா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். முடிவில் படிக்க முடியாமல் நின்றது 11 எம்பி மட்டுமே.

நகல் முடிந்ததும் பழைய வட்டைக் கழற்றி உறையில் போட்டுவிட்டேன். அதன்பின் செய்தவை எல்லாம் நகல் கோப்பின் மீதுதான். கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய மீட்பு நிரலான டெஸ்ட்டிஸ்க், நகலுக்குள் இருந்த டி பகிர்வைக் கண்டுபிடித்துக் கோப்புறைகளை வரிசையாகக் காட்டியது. விண்டோஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் கோப்புப் பெயர்களை யூனிகோடில் வைத்திருப்பதால் தமிழ்ப் பெயர்கள் மீட்ட பிறகும் பழுதில்லாமல் இருந்தன. ஒப்பாரிகளும் ஒலிப்பதிவுகளும் குடும்பப் படங்களும் பெயரோடும் தேதியோடும் வந்துசேர்ந்தன. செக்டிஸ்க் ஓடியதில் காணாமற்போன தாலாட்டுக் கோப்புறை மட்டும் இதிலும் இல்லை.

அதற்காகவே போட்டோரெக். இதுவும் அதே ஆசிரியருடையது, டெஸ்ட்டிஸ்குடன் சேர்ந்தே வருகிறது. பெயர் போட்டோவைச் சொன்னாலும் 480க்கு மேற்பட்ட கோப்பு நீட்சிகளை அறியும். கோப்புப் பட்டியலை இது பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் விதத்தில் உள்ள தனி அடையாளத்தை வட்டின் தரவிலேயே தேடிப் பிடித்து எடுக்கிறது. ஆகவே பட்டியல் அழிந்தாலும் கோப்பு கிடைக்கிறது, பெயர் மட்டும் கிடைக்காது. துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த கோப்புகள் முழுமையாக வராமல் போவதும் உண்டு. எங்களுக்கு எண்களையே பெயராகக் கொண்ட நாற்பதாயிரம் கோப்புகள் வந்து குவிந்தன. அவற்றில் 212 தாலாட்டு ஆவணங்களை எப்படித் தேடுவது? எண்ணிக்கை மட்டும் உறுதியாகத் தெரியும், அப்பா அட்டவணையைக் கையால் எழுதி வைத்திருந்தார்.

தமிழ்ப் பயனர்களுக்கு வரும் ஒரு சிக்கல் இங்கேதான் தொடங்கியது. 'தாலாட்டு' என்று யூனிகோடில் தட்டித் தேடினால் ஒன்றுகூட அகப்படவில்லை. அப்பா தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துருவில் திரையில் தமிழ் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பவை வெறும் ஆங்கில எழுத்துகள். தாலாட்டு என்ற சொல் ஜே, எச், ஒய், எச், எல், அரைப்புள்ளி, பெரிய எல் என்று ஏழு குறிகளாகக் கிடக்கும். அப்பா விசைப்பலகையைப் பார்க்காமலேயே இந்த ஏழையும் எனக்குச் சொன்னார். பெரிய எல்லுக்கும் சிறிய எல்லுக்கும் வேறுபாடு பார்த்து, கிரெப் கட்டளையால் அந்த ஏழு குறிகளைத் தேடியதும் 209 ஆவணங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு ஆவணத்துக்கும் தலைப்பில் அந்தச் சொல்லை எழுதும் அவருடைய பழக்கம் கைகொடுத்தது. விடுபட்ட மூன்றும் வேர்டின் புதிய வடிவில் சேமிக்கப்பட்டவை. அந்த வடிவில் உரை சுருக்கப்பட்டிருப்பதால் கிரெப்பின் கண்ணுக்குப் படவில்லை. அந்த வகைக் கோப்புகளைத் தனியே பிரித்துத் திறந்து பார்த்ததில் அவையும் கிடைத்தன. பழைய எழுத்துருக்களில் ஆவணம் வைத்திருப்பவர்கள், அந்த எழுத்துருவில் தங்கள் முக்கியச் சொல் எந்தக் குறிகளாகப் பதிவாகிறது என்பதை இன்றே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். டிடிரெஸ்க்யூவுக்குப் படம் போட்ட சாளரம் கிடையாது, எல்லாம் டெர்மினலில் கட்டளையாகத்தான். மூல வட்டு, நகல், மேப் கோப்பு என்ற வரிசையில் மூன்று பெயர்களைத் தர வேண்டும். நகலை ஒரு கோப்பாக எழுதாமல் நேரடியாக இன்னொரு வட்டின் மேல் எழுதும்போது முதலிரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால், வெற்று வட்டு மூலத்தின் மேல் எழுதப்பட்டுவிடும். வட்டின் மேல் எழுதுவதற்கு வலிந்து செய் என்ற தனித் தெரிவை அது கேட்பது ஒரு பாதுகாப்புதான், பதற்றத்தில் இருப்பவருக்கு அது போதாது. வட்டின் கொள்ளளவையும் வரிசை எண்ணையும் ஒட்டுத்தாளில் எழுதி வைத்து, திரையில் தெரிவதோடு ஒப்பிட்ட பிறகே நான் என்டர் விசையைத் தட்டினேன். கட்டளை வரியில் பழக்கமில்லாதவர்கள் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

எந்த மென்பொருளாலும் ஆகாத நிலைகளும் உண்டு. படிக்கும் முனை தகட்டின் மேல் நானோமீட்டர் கணக்கில்தான் உயர்ந்து மிதக்கிறது. டிக், டிக் என்ற அடிப்பு பெரும்பாலும் அந்த முனை பழுதானதன் அறிகுறி. அப்போது ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் தகடு கீறப்படலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தூசியற்ற அறை உள்ள மீட்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். எனக்கு அப்படி ஓரிடத்தில் 28,000 ரூபாய் என்று சொன்னார்கள். முனையை மாற்றும் வேலைக்கு அது நியாயமான கட்டணம் என்றே நினைக்கிறேன். குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். தகட்டின் மேல் ஈரம் படிந்தால் மீட்பகத்தாலும் முடியாமல் போகும். வட்டை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்ட கணினியானால் நகல் எடுத்தாலும் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் உள்ளே போக முடியாது. சுழலும் தகடு இல்லாத எஸ்எஸ்டி வட்டில் அழித்த கோப்புகளை டிரிம் கட்டளை உடனுக்குடன் துடைத்துவிடுவதால் போட்டோரெக்கிடம் அதிகம் எதிர்பார்க்கவும் கூடாது. நன்றாகச் சுழலும், ஆனால் ஆங்காங்கே படிக்க முடியாத வன்தட்டு என்றால் இந்த மூன்று நிரல்களையும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மீள முடியாத அந்த 11 எம்பி எங்கெங்கே விழுந்தது என்பதையும் தேடிப் பார்த்தேன். டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் தெரிவைக் கொண்டு, நகலின் இன்னொரு பிரதியில் படிக்க முடியாத இடங்களில் எல்லாம் ஓர் அடையாளச் சொல்லை எழுதச் செய்து, அந்தச் சொல் எந்தக் கோப்புகளுக்குள் வருகிறது என்று பார்த்தால் போதும். பெரும்பகுதி விண்டோஸின் சொந்தக் கோப்புகளில் போயிருந்தது. பாட்டுகளில் அடிபட்டது ஒரே ஓர் ஒலிப்பதிவு, அதிலும் ஏறத்தாழ 800 கேபி. படிக்க முடியாத இடம் சுழியங்களாக நிரம்புவதால், பாட்டின் நடுவே ஒன்பது நொடி சத்தமே இல்லாமல் போய் மீண்டும் அந்தப் பாட்டியின் குரல் தொடர்கிறது. அந்த ஒன்பது நொடியில் வரும் இரண்டு அடிகள் அப்பா தட்டச்சு செய்த ஆவணத்தில் இருக்கின்றன.