பதினொரு மாதக் கணக்கு

சிங்கப்பூரிலிருந்து கோவைக்கு வந்த பயணத்தில் விமானம், உணவு, உறவினர் வீடுகள் எல்லாம் சுகமே. எழுத உட்கார்ந்தது, அம்மாவின் வாடகை ஒப்பந்தத்துக்காகச் சிங்காநல்லூரில் ஒரு டைப்பிங் சென்டரில் கழிந்த இரண்டரை மணி நேரத்துக்காக.

அம்மாவுக்கு 74 வயது. ஆறு வருடங்களில் இது நான்காவது வாடகை வீடு. வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்புகளுக்குக் குறைவில்லை. அப்பாவின் மில் வேலைக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் அவற்றின் காவலாளியைக்கூடத் தாண்டாது. கிடைத்தது லைன் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டியவற்றில் ஒன்று. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் தனித்தனிக் குழாயில் வருகின்றன. வீட்டுக்காரர் தங்கமானவர். “மூன்று வருடமென்றே எழுதிக்கொள்ளலாம் அம்மிணி” என்று அவரே சொன்னார்.

டைப் அடிப்பவர் கேட்காமலேயே 11 மாதம் என்று அடித்து முடித்திருந்தார். மூன்று வருடம் என்றேன். கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார்.

“அந்த மாதிரி ஃபார்மட் இல்லைங்க.”

“எண்ணை மாற்றினால் போதாதா?”

“வருடத்தைத் தாண்டினால் சார்பதிவாளர் அலுவலகம், முத்திரைத்தாள் செலவு...” என்று இழுத்தார், வீட்டுக்காரரைப் பார்த்தபடி. ‘அலுவலகம்’ என்ற சொல்லிலேயே அந்த மனிதர் முகம் சுண்டிவிட்டது.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்குப் பயந்து பிறந்த எண் இந்தப் பதினொன்று. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் எழுதி வாடகை அதிகாரியிடம் பதிந்தாக வேண்டும். ஆக, பதினொன்று என்று எழுதினாலும் பதிவிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது. இதை நான் விளக்க விளக்க, பின்னால் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.

சிங்கப்பூரில் எங்கள் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி 72 வயதில், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவின் ஈரறை ஃபிளெக்சி வீடு வாங்கினார். 55 வயது கடந்தவர்களுக்கு 15 முதல் 45 ஆண்டு வரை குத்தகை. குறைந்தது 95 வயது வரை வர வேண்டும் என்பது விதி. அவருக்கு 25 ஆண்டு. வாசலில் கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறார், எனக்காக. அங்கே ஊர் மணம் இல்லையென்று புலம்புகிறவள்தான் நானும். ஆனால் அந்தப் பாட்டி மூட்டை கட்டி நான் பார்த்ததில்லை.

கடைசியில் 11 மாதம்தான்.

“கவலைப்படாதீர்கள், கோப்பு கம்ப்யூட்டரிலேயே இருக்கும். அடுத்த முறை தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்” என்றார் டைப் அடிப்பவர், உண்மையான அன்போடு. அம்மா கைப்பையிலிருந்து டைரியை எடுத்து அவருடைய எண்ணைக் குறித்துக்கொண்டார்.